உட்கார்ந்து எடுக்கும் போட்டோ அழகாக வர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, சடங்கு, ஓணம் என்று தென்காசிப் பக்கமும் போவேன். மலையைத் தாண்டி கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கமும் போவேன். இரண்டு பக்கத்திலும் ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது: "நின்னு எடுத்ததெல்லாம் நல்லாருக்கு, உக்காந்து எடுத்தத மட்டும் அழிச்சிருங்க." அழிக்கச் சொல்லும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆளிடம் குறை இருப்பது அபூர்வம். நாற்காலி பள்ளமாக இருந்திருக்கும், அல்லது கேமரா மிக அருகில் இருந்திருக்கும். கடைக்கு வருகிறவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததை இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். போனில் எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியது; பெரிய கேமராவுக்கும் இதே கணக்குதான்.

அண்ணாச்சி, நின்றால் நன்றாகத்தானே இருக்கிறேன். உட்கார்ந்தால் மட்டும் ஏன் குண்டாகத் தெரிகிறேன்?

இரண்டு காரணம். முதலாவது, உடம்பு மடங்கும் விதம். சாய்ந்து உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் சரியும், முதுகு வளையும், நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்கும் இடம் சுருங்கும். அந்த இடத்தில் இருக்கும் சதைக்கு வேறு போக்கு இல்லை, முன்னால்தான் வரும். ஒல்லியான ஆளுக்கும் இது நடக்கும். தொடையும் அப்படியே. முழுத் தொடையையும் பலகையில் அழுத்தி உட்கார்ந்தால் அது அகலமாகப் பரவும்.

இரண்டாவது காரணத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கேமராவுக்கு எது அருகில் இருக்கிறதோ அது பெரிதாகப் பதியும். நிற்கும்போது தலை, வயிறு, கால் எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன. உட்கார்ந்ததும் முட்டி முகத்தைவிட அரை மீட்டர் முன்னால் வந்துவிடும். எடுப்பவர் உங்கள் முகத்திலிருந்து 1 மீட்டர் தூரத்தில் நின்றால் முட்டி அரை மீட்டரில் இருக்கும். அதாவது முகம் இருக்கும் அளவைப் போல 2 மடங்கு பெரிதாக முட்டி பதிவாகும். அவரே 3 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்தால் முட்டி 2.5 மீட்டரில் இருக்கும், பெரிதாவது 1.2 மடங்குதான். ஆள் அதே ஆள், சேலை அதே சேலை. கீழே நான் சொல்லப்போகும் யோசனைகளில் பாதி இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

சரி, எப்படி உட்கார வேண்டும்?

நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். முதுகு சாய்மானத்தைத் தொடக்கூடாது. தொடையில் பாதிக்கு மேல் காற்றில் இருக்கட்டும். இடுப்பைச் சற்றே முன்னால் சாய்த்து, அடியில் இருக்கும் இரண்டு எலும்பும் பலகையில் பதிவதை உணருங்கள். அந்த இடத்தில் முதுகு தானாக நிமிரும். நெஞ்சைத் தூக்க வேண்டிய வேலை இல்லை. நெஞ்சை வலிந்து நிமிர்த்தினால் தோள் காதுவரை ஏறி, போலீஸ் செலக்ஷனுக்கு நிற்கும் ஆள் போல ஆகிவிடும்.

பிறகு உடம்பு முழுவதையும் கேமராவுக்கு நேராக வைக்காமல், முட்டி இரண்டும் ஒரு ஓரத்தைப் பார்க்கும்படி கொஞ்சம் திரும்பி, முகத்தை மட்டும் கேமரா பக்கம் கொண்டுவாருங்கள். முட்டி கேமராவை நேராகக் குத்தாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கடைசியாக இடுப்பிலிருந்து ஒரு கையகலம் முன்னால் சாயுங்கள். இப்போது முகம் கேமராவுக்குக் கொஞ்சம் அருகில் வந்துவிட்டது, வயிறு பின்னால் போய்விட்டது. மேலே சொன்ன கணக்கு இந்த முறை உங்களுக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

மூச்சை இழுத்து வயிற்றை எக்கிப் பிடிக்காதீர்கள். வயிறு உள்ளே போகும், ஆனால் கழுத்து நரம்பு புடைத்து முகத்தில் அந்தச் சிரமம் தெரியும். ஒரு மூச்சு இழுத்து, மெதுவாக விடும்போது கிளிக் செய்யச் சொல்லுங்கள்.

எந்த இருக்கை நல்லது?

உயரமானது. முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருந்தால் முதுகு தானாக நிமிரும். முட்டி இடுப்பைவிட மேலே போனால் எவ்வளவு முயன்றாலும் கூன் விழும். ஆளையும் இருக்கையையும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் முதலில் இருக்கையைத்தான் பார்ப்பேன்.

ஸ்டூடியோவில் இருக்கும் மர ஸ்டூல் அதனால்தான் கை, முதுகு எதுவும் இல்லாமல் கெட்டியாக, உயரமாக இருக்கிறது. வீட்டில் ஸ்டூல் இல்லையென்றால் சாப்பாட்டு மேஜை நாற்காலி போதும். திண்ணை மிக நல்லது: விளிம்பு கெட்டி, உயரம் தோதான உயரம், ஒரு பக்கம் தெருவெளிச்சம், பின்னால் சுவர் இருட்டு. செங்கோட்டையிலும் தென்காசியிலும் பழைய வீடுகளில் திண்ணை இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வீட்டுக்குள் டியூப்லைட்டுக்கு அடியில் போய் எடுப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

கைவைத்த பிளாஸ்டிக் சேரில் ஒரு சிக்கல். அது பின்னால் சரிந்திருக்கும், கைப்பிடி இரண்டும் முழங்கையை மேலே தள்ளி, தோளைத் தூக்கிவிடும். வேறு வழியில்லை என்றால் சேரைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பிப் போட்டு விளிம்பில் உட்காருங்கள். இரண்டு சேரை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் உயரமும் கூடும், ஆடவும் ஆடாது. ஊஞ்சலில் உட்காரும்போது இரண்டு கால் விரல்களும் தரையைத் தொட்டிருக்கட்டும். தொங்கும் கால் படத்தில் உயிரில்லாமல் தெரியும். சங்கிலியை ஒரு கையால் பிடிக்கலாம், தோளுக்குக் கீழே பிடிக்க வேண்டும்.

எடுப்பவர் எங்கே நிற்க வேண்டும்?

நிற்கவே கூடாது, உட்கார வேண்டும். உட்கார்ந்திருப்பவரை நின்றபடி எடுத்தால் கேமரா மேலிருந்து பார்க்கும்: தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும். தரையில் படுத்து எடுத்தால் முட்டியும் தாடைக்கு அடிப்பகுதியும் முன்னால் வரும். எடுப்பவர் ஒரு முட்டியை ஊன்றி, போனை உட்கார்ந்தவரின் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் நடுவே எங்காவது வைத்தால் போதும். முழு உருவம் வேண்டுமானால் நெஞ்சு உயரம். முகமும் தோளும் மட்டும் என்றால் கண் உயரம்.

தூரம் 3 மீட்டருக்குக் குறைய வேண்டாம். போனின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மில்லிமீட்டர் லென்சுக்குச் சமமான அகலத்தைப் பார்க்கும். அதனால்தான் ஆளை நிறைக்க எல்லோரும் அருகில் போகிறார்கள், அங்கேதான் முட்டி வீங்குகிறது. திரையில் 2 என்றோ 3 என்றோ இருப்பதைத் தொட்டுவிட்டுப் பின்னால் நகருங்கள். 0.5 என்று இருப்பதை உட்கார்ந்த ஆளுக்கு ஒருபோதும் தொட வேண்டாம்.

போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். முன்னால் சாய்த்துப் பிடித்தால் தூணும் கதவும் ஒரு பக்கம் குவியும், ஆளும் அதோடு குவிவார்.

கால் மேல் கால் போட்டு உட்காரலாமா?

தனியாக எடுக்கும் படத்தில் தாராளமாகப் போடலாம். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும் குடும்பப் படத்தில் நம் ஊரில் அது மரியாதையாக இருக்காது. ஐம்பது வருடம் கழித்தும் அந்தப் படம் சுவரில் தொங்கும், ஆகவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே கணுக்காலில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். கால் மெலிந்து தெரிய அதுவே போதும். தனிப்படத்தில் போடும்போது மேலே இருக்கும் கால் விரல் கீழ்நோக்கி இருக்கட்டும். உள்ளங்காலோ செருப்பின் அடியோ கேமராவைப் பார்க்கக் கூடாது.

இரண்டு காலையும் ஒரே மாதிரி, ஒட்டி, நேராக வைப்பதுதான் படத்தைக் கட்டையாக்குகிறது. சிவன் கோவிலில் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தியை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒரு கால் கீழே முயலகன் மேல் ஊன்றியிருக்கும், மற்றது மடங்கி மேலே கிடக்கும். சோமாஸ்கந்தர் செப்புத் திருமேனியிலும் ஒரு கால் மடங்கியும் ஒரு கால் தொங்கியும் இருக்கும். உட்கார்ந்த உருவம் கனமாகத் தெரியாமல் இருக்க இரண்டு காலும் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்பது சிற்பிகளுக்குத் தெரிந்திருக்கிறது. சாதாரண நாற்காலியிலும் அதைச் செய்யலாம்: ஒரு பாதத்தை முன்னால் நீட்டி, மற்றதை நாற்காலிக்கு அடியில் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொருந்தும்.

கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

கைக்கு ஒரு வேலை கொடுங்கள். முந்தானை நுனி, வளையல், தோள்துண்டு, மடியில் ஒரு பூக்கூடை. எதுவும் இல்லையென்றால் ஒரு கையைத் தொடைமேல் தளர்வாக வைத்து, மற்றதை அதன் மணிக்கட்டின்மேல் வையுங்கள். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும். மேல்கையை உடம்போடு அழுத்தினால் அது தட்டையாகி அகலமாகத் தெரியும். புறங்கை முழுவதும் கேமராவைப் பார்த்தால் பெரிதாக இருக்கும். சுண்டுவிரல் ஓரம் பார்க்கும்படி திருப்பினால் மெலியும்.

கன்னத்தில் கை வைக்கும் போஸை விரும்பிக் கேட்பவர்கள் உண்டு. விரல் நுனி தொட்டால் போதும், கன்னத்தைத் தாங்கக் கூடாது.

தாடைக்குக் கீழே சதை தெரிகிறது. முகத்தைத் தூக்கினால் மறையுமா?

தூக்கினால் மூக்குத் துவாரம்தான் தெரியும். நெற்றியைக் கேமராவை நோக்கிக் கொஞ்சம் முன்னால் நீட்டி, பிறகு தாடையைத் துளி இறக்குங்கள். செய்யும்போது ஆமை மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். பக்கவாட்டில் இருப்பவருக்கு அப்படித் தெரியலாம், கேமராவுக்குத் தெரியாது. அதற்குத் தாடைக்கோடு மட்டும் தெளிவாகத் தெரியும்.

சேலையில் உட்கார்ந்தால் கொசுவம் குலைந்து மூட்டையாகிவிடுகிறது.

உட்காருமுன் இரண்டு பக்கத்திலும் சேலையை முட்டியருகே கிள்ளி, ஒரு அங்குலம் தூக்கிவிட்டு உட்காருங்கள்; மடியில் இறுக்கம் இருக்காது. உட்கார்ந்தபின் கொசுவத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவி, விசிறி போலத் தரையில் ஒரு பக்கமாக விழவிடுங்கள். எந்தப் பக்கம் கால் போகிறதோ அந்தப் பக்கம். பட்டுச் சேலை என்றால் துணைக்கு ஒருவர் இருந்து இதைச் செய்ய வேண்டும், தானே குனிந்து செய்தால் மேலே மடிப்பு போய்விடும். முந்தானையை மடியில் குவிக்க வேண்டாம். முழங்கையிலிருந்து வெளிப்பக்கமாக வழியவிட்டால் அகலம் குறையும், கரையும் தெரியும்.

பொன்கரை போட்ட கேரளத்துக் கசவுச் சேலை, செட்டு முண்டில் எடுத்தால் துணி வெள்ளையாக வெளுத்துப்போகிறதே?

ஓணம் நெருங்கினால் மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் இல்லை, இங்கே காலேஜ் பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். போன் துணியையும் முகத்தையும் ஒன்றாகச் சமாளிக்கப் பார்க்கிறது. வெயிலில் உட்கார்ந்தால் அதனால் முடியாது: ஒன்று துணி வெளுக்கும், இல்லையென்றால் முகம் கறுக்கும். திண்ணை, மரநிழல், வராந்தா, கதவோரம், இப்படி நேர்வெயில் படாத இடத்துக்கு வாருங்கள். திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் வெளிச்சக் கோட்டைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கசவின் பொன்கரையில் நூல் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இழுத்தால் எங்கே நிறுத்துவது என்று கை கண்டுபிடித்துவிடும்.

உட்கார்ந்த படத்துக்குக் கசவு ஒரு பெரிய உதவியும் செய்கிறது. மடியில் விரிந்திருக்கும் அந்த இளவெள்ளைத் துணியில் பட்ட வெளிச்சம் மேலே எழும்பித் தாடைக்கு அடியிலும் கண்ணுக்குக் கீழேயும் விழுகிறது. ஸ்டூடியோவில் வெள்ளைத் தெர்மாகோல் பலகையை மடிக்கு முன்னால் பிடித்து நாங்கள் செய்வது இதைத்தான். மாநிற முகத்துக்கும் கறுத்த முகத்துக்கும் அந்த மினுமினுப்பு அவ்வளவு பொருந்தும். பட்டுச் சேலை கட்டியவர்களுக்கு மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, துண்டு வராதபடி நெஞ்சுக்கு மேலே மட்டும் எடுத்துப் பாருங்கள். முகத்தை வெளுப்பாக்கும் ஆப்பை அதன்பின் தேடமாட்டீர்கள். அந்த ஆப்புகள் நம் நிறத்தை ஒரு குறையாக நினைத்துத் துடைத்துவிடுகின்றன, எனக்கு அதில் சம்மதமே இல்லை.

ஓணத்துக்குப் போடும் பூக்கோலமான பூக்களத்தின் பக்கத்தில் உட்காரும்போது இரண்டு முட்டியையும் ஒரே பக்கமாக மடித்து, பூக்களத்துக்குப் பின்னால் உட்காருங்கள், முன்னால் வேண்டாம். பூக்களம் வட்டமாகத் தெரிய எடுப்பவர் எழுந்து நிற்க வேண்டும். இங்கே மட்டும் நின்று எடுப்பது சரி, ஆனால் நாலைந்து மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். உட்கார்ந்தவர் முகத்தை நிமிர்த்தி மேலே பார்க்கட்டும்.

வேட்டி கட்டியவர்களுக்கு?

முன்மடிப்பு நடுவில் நேராக விழ வேண்டும். முட்டியை விரிப்பது தோள் அகலத்தோடு நிற்கட்டும். மடித்துக் கட்டிய வேட்டியோடு உட்கார வேண்டாம், இறக்கிவிடுங்கள்.

மணமேடையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அவ்வளவு நேரமும் நிமிர்ந்திருக்க முடியவில்லையே?

மணப்பலகை தட்டையாக இருந்தால் முட்டி இடுப்பைவிட மேலே நிற்கும், கூன் விழத்தான் செய்யும். மடித்த பட்டுத்துணியோ சிறு திண்டோ பலகையின் பின்பாதியில் போட்டு அதன்மேல் உட்கார வையுங்கள். மூன்று நான்கு விரல் உயரம் கூடினாலும் முட்டி இறங்கும், முதுகு நிமிரும். சேலைக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. ஐயரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால் யாரும் தடுப்பதில்லை. பெண்ணுக்கு மட்டும் போட்டு மாப்பிள்ளையை விட்டுவிடாதீர்கள்.

மலைக்கு அந்தப் பக்கக் கல்யாணங்களில் இருவருக்கும் முன்னால் நிலவிளக்கு என்னும் குத்துவிளக்கும், நெல் நிறைத்த பறை என்னும் மரப்படியில் தென்னம்பூக்குலையும் இருக்கும். அவை கேமராவுக்கு அருகில் இருப்பதால் பெரிதாகப் பதிந்து மடியை மறைக்கும். பலர் அதை இடைஞ்சல் என்று நகர்த்தச் சொல்கிறார்கள். இருந்த இடத்திலேயே இருக்கட்டும், சடங்கும் கெடாது, படத்துக்கும் ஆழம் கிடைக்கும். எடுப்பவர் ஒரு அடி நகர்ந்து, பூக்குலை முகத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ரிசப்ஷன் சோபா?

பார்க்க ராஜசிம்மாசனம், உட்கார்ந்தால் குழி. மண்டபத்துக்காரரிடம் கேட்டு மெத்தைக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள். அதுவும் இல்லையென்றால் குஷன் இரண்டை அடியில் வையுங்கள். விளிம்பில் உட்காருங்கள். பரிசு கொடுக்க வருகிறவர்களுக்கு எழுந்து எழுந்து உட்காரும்போது ஒவ்வொரு முறையும் பின்னால் சரிவீர்கள், தோழி ஒருத்தியை எதிரே நிறுத்தி நினைவுபடுத்தச் சொல்லுங்கள்.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் உட்கார்ந்து எடுக்க ஆசை. எந்த நேரம் நல்லது?

நான் சாயங்காலம் என்பேன். சூரியகாந்தி மொட்டுப் பருவத்தில்தான் சூரியனோடு திரும்பும். பூ விரிந்து முற்றிவிட்டால் பெரும்பாலும் கிழக்கையே பார்த்து நின்றுவிடும். பூவின் முகம் படத்தில் வர வேண்டுமானால் நீங்கள் கிழக்கே இருந்து மேற்கே பார்த்து எடுக்க வேண்டும். காலையில் அப்படி எடுத்தால் வெயில் உட்கார்ந்தவரின் முகத்தில் நேராக அடிக்கும், கண் சுருங்கும். விடிந்ததும் வந்தால் பரவாயில்லை, எட்டு மணிக்கு மேல் வேண்டாம். சாயங்காலம் சூரியன் மேற்கே போய்விடும். இதழ்களின் ஊடாக வெளிச்சம் வரும், தலைமுடி ஓரம் மினுங்கும், முகத்தில் மென்மையான நிழல் இருக்கும். பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும் கிடைக்கும். மலை மறைப்பதால் இந்தப் பக்கம் வெயில் சீக்கிரம் இறங்கிவிடும், ஆகவே நாலரைக்கெல்லாம் தயாராக இருங்கள்.

செடி ஆள் உயரம் வளரும். தரையில் உட்கார்ந்தால் தண்டும் இலையும்தான் பின்னால் தெரியும். ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் வரப்பில் போட்டு உட்காருங்கள். தோட்டக்காரரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம், செடிகளுக்குள் புகுந்து ஒடிக்கவே வேண்டாம். அது அவருடைய விளைச்சல். நாலு படத்துக்காக அவர் எண்ணெய்வித்தை இழக்கக் கூடாது. தேனீ நிறைய இருக்கும், வாசனைத் தைலம் அடிக்காமல் வாருங்கள்.

குற்றாலத்தில் பாறையில் உட்கார்ந்து?

சாரல் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, இங்கே வானமே ஒரு பெரிய வெள்ளைத் திரையாக இருக்கும். மென்மையான வெளிச்சத்துக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் அது தலைக்கு மேலிருந்து வருவதால் கண்குழியில் நிழல் விழும். முகத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிமிர்த்துங்கள்.

அருவியை ஒட்டிய பாறையில் பாசி இருக்கும். அங்கே ஏறி உட்காராதீர்கள். தண்ணீர் திடீரென்று கூடும் இடம் அது. தடை போட்டிருக்கும் நாளில் வேலியைத் தாண்டி உட்கார்ந்து எடுத்துத் தரச் சொன்னால் நான் எடுப்பதில்லை. தள்ளி, காய்ந்த படிக்கட்டில் உட்கார்ந்தாலே போதும். 3 மடங்கு ஜூமில் அருவி பின்னால் பெரிதாக எழுந்து வரும். குளிக்குமுன் எடுத்துவிடுங்கள்.

கழுதுருட்டியில் இருக்கும் பதிமூணு கண் ரயில் பாலத்திலும் தண்டவாளத்திலும் உட்கார்ந்து எடுத்துத் தருவீர்களா?

தண்டவாளத்தில் மாட்டேன். 1904இல் திறந்த செங்கோட்டை-புனலூர் ரயில் பாதை, பார்க்கப் பழசாக இருக்கிறது என்று பலர் அதைக் கைவிடப்பட்ட பாதை போல நினைத்துவிடுகிறார்கள். 2018 முதல் அகலப்பாதையில் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது, மலைவளைவில் வண்டி வருவது கடைசி நொடியில்தான் தெரியும். அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பாலம் முழுவதும் ரோட்டோரத்திலிருந்தே தெரிகிறது. அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பாலத்தைப் பின்னால் வைத்து எடுத்துத் தருகிறேன்.

ரயிலுக்குள் ஜன்னல் இருக்கை அருமையான இடம். ஒரு பக்க வெளிச்சம், பச்சை மலை. எதிர் இருக்கையிலிருந்து எடுப்பதால் தூரம் கிடைக்காது, ஆகவே இடுப்புக்கு மேலே மட்டும் எடுங்கள். தலையோ கையோ ஜன்னலுக்கு வெளியே போக வேண்டாம்.

எங்கள் ஆச்சிக்கு முதுகு வளைந்துவிட்டது. போட்டோ என்றாலே வேண்டாம் என்கிறாள்.

ஆச்சி படம் எடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அவர்களை ஸ்டூடியோவுக்கு வரச் சொல்லாதீர்கள். தினம் உட்காரும் இடத்தில், தினம் உட்காரும் நேரத்தில் எடுங்கள். கைவைத்த, கெட்டியான நாற்காலியாக இருக்கட்டும். விளிம்பில் உட்காரும் விதி அவர்களுக்கு இல்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து நன்றாகச் சாய விடுங்கள். பக்கவாட்டில் திருப்பினால் கூன் தெரியும். ஆகவே ஏறக்குறைய நேராகவே உட்கார வைத்து, எடுப்பவர் கண் உயரத்துக்கு இறங்க வேண்டும். கழுத்து நிமிராது என்பதால் நீங்கள்தான் இறங்க வேண்டும். "நிமிருங்க, நிமிருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவர்களுக்கு வலிக்கும், முகத்தில் அதுதான் பதியும்.

அந்தத் தலைமுறைக்குப் போட்டோ என்றால் இரண்டு கையும் முட்டிமேல், முகம் இறுக்கம், சிரிப்பு இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. 1839இல் டாகரோடைப் என்ற ஆரம்பகாலப் போட்டோ முறை வந்த காலத்தில் ஒரு படம் பதியச் சில நிமிடம் பிடித்தது. அசையாமல் இருக்கத்தான் உட்கார வைத்தார்கள், தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள், கையை முட்டியில் ஊன்றச் சொன்னார்கள். நேரம் குறைந்த பிறகும் பழக்கம் ஸ்டூடியோக்களில் நெடுங்காலம் தங்கிவிட்டது. ஆச்சி அப்படி உட்கார்ந்தால் முதலில் ஒன்று அப்படியே எடுத்துவிடுங்கள். அவருக்கு அதுதான் சரியான போட்டோ. பிறகு போனைக் கீழே வைக்காமல் பேச்சுக் கொடுங்கள். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், 1949க்குப் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அந்தக் காலத்தை நேரில் பார்த்த ஆச்சிகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். கேட்டால் கை தானாக மேலே வரும், விரல் ஒன்று எங்கோ காட்டும், தலை ஒரு பக்கம் சாயும். அப்போது எடுங்கள். காது வளர்த்த ஆச்சியாக இருந்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் இருக்கட்டும்.

குடும்பமாக எடுக்கும்போது?

உட்கார்ந்த வரிசைக்கு எல்லாமே ஒரே உயர நாற்காலியாக இருக்கட்டும். சோபாவும் சேரும் கலந்தால் ஒருவர் தோள் இன்னொருவர் காதுக்கு வரும். ஓரத்தில் இருப்பவர்கள் அகலமாக இழுபடுவார்கள், அது போன் லென்சின் குணம். ஆகவே பின்னால் போய் 2 மடங்கில் எடுங்கள், இரண்டு ஓரத்திலும் நாற்காலியைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பிப் போடுங்கள். நடுவில் மூத்தவர்கள். பெரிய உடம்புக்காரரை ஓரத்தில் வைக்காதீர்கள், அங்கேதான் லென்ஸ் இழுக்கும்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு?

மடியின் நடுவில் வைத்தால் குழந்தை முன்னால் வந்து அம்மாவின் முகம் சிறியதாகிவிடும். ஒரு தொடைமேல் ஓரமாக வைத்து, இரண்டு முகமும் ஒரே தூரத்தில் வரும்படி அம்மா முன்னால் சாய வேண்டும்.

வளைகாப்புக்கு?

உயரமான நாற்காலி, முதுகுக்குத் தலையணை, அதிக நேரம் வேண்டாம். ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, வளையல் நிறைந்த கை வயிற்றின் அடியில் தாங்கியபடி இருந்தால் வயிறும் வளையலும் சேர்ந்து தெரியும். இந்த ஒரு படத்தில் வயிற்றை மறைக்க யாரும் கேட்பதில்லை. மற்றப் படங்களிலும் அதே நிம்மதியோடு உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பேன்.

வீல்சேரில் இருப்பவரை எப்படி எடுப்பது?

அவரிடம் கேளுங்கள்: சேர் தெரிய வேண்டுமா, வேண்டாமா? முடிவு அவருடையது. சேரைத் தொட்டு நகர்த்துமுன்னும் கேட்க வேண்டும். மற்றபடி எடுப்பவர் கண் உயரத்துக்கு இறங்குவது, 3 மீட்டர் தள்ளுவது எல்லாம் ஒன்றுதான். கூட நிற்பவர்களையும் உட்கார வையுங்கள், அவர் மட்டும் அண்ணாந்து பார்க்கும் படம் வேண்டாம்.

கண் மூடிவிடுகிறது, சிரிப்பு ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எடுப்பவர் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லட்டும்; மூன்றில் திறந்ததும் கிளிக். சிரிப்புக்கு எதிரே உங்களுக்குப் பிடித்த ஆளை நிறுத்துவதைத் தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது.

மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறதே?

காதுக்குப் பின்னால் இருக்கும் காம்பை ஒரு விரல் அளவு மேலே தூக்கிவிடுங்கள், கண்ணாடி கொஞ்சம் கீழே பார்க்கும், ஜன்னல் அதிலிருந்து நழுவிவிடும். தினமும் போடுகிறவர்கள் படத்துக்காகக் கழற்ற வேண்டாம். கழற்றினால் மூக்கில் அதன் தடம் தெரியும், வீட்டில் உள்ளவர்களுக்கும் ஆள் மாறித் தெரியும்.

எடிட் செய்து ஒல்லியாக்கித் தர முடியுமா, அண்ணாச்சி?

முகப்பருவை எடுக்கலாம், வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், பின்னால் தொங்கும் ஒயரை மறைக்கலாம். உடம்பை இழுத்துச் சுருக்குவது உட்கார்ந்த படத்தில் சரியாக வராது. இடுப்பைச் சுருக்கினால் பக்கத்தில் இருக்கும் நாற்காலிக் காலும் திண்ணை விளிம்பும் சேர்ந்து வளையும். பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். அதற்குச் செலவழிக்கும் நேரத்தில் ஸ்டூலை எடுத்துப்போட்டு மறுபடி உட்காருங்கள், நான் இன்னொன்று எடுத்துத் தருகிறேன். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.